முகம் மாறும் நாயகனும் முணுமுணுக்கும் ரசிகர்களும்

பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23-ஆம் நாள் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் இலக்கிய நண்பர்கள் பலர் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுவார்கள். காவல்துறையின் நீலநிறத் தொலைபேசிப் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்தையும் வெளியையும் கடந்து திரியும் ஒரு வேற்றுலகவாசி. கவிழ்த்த குடம் போன்ற உலோகக் கூட்டுக்குள்ளிருந்து கத்தும் டாலெக்குகள். வயது வந்தவர்கள் விவாதிக்க இதில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. நாயகனை நடிக்கும் நடிகர் மாறும்போதெல்லாம் இத்தொடரின் ரசிகர்கள் இரண்டுபட்டு நின்று, 'இவர் டாக்டர்தானா?' என்று வாதிடுகிறார்கள். பார்ப்பதற்கு வெறும் கூச்சல்போலத் தெரியும் இவ்வாதம், பாத்திரம் என்பது யாது, அது எங்கே இருக்கிறது என்னும் பழைய கேள்வியே என்பது நம் எண்ணம். அண்மைக் காலத்தில் இந்த வாதம் நடக்கும் இடம் மாறிவிட்டது என்பதுதான் நம் வருத்தம்.

கதை 1966-இல் தொடங்குகிறது. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை குன்றியிருந்தது. வசனங்கள் நினைவில் நிற்கவில்லை. அவருடைய கடைசிக் கதையின் ஒரு பகுதியில் நோயினால் நடிக்கவே இயலவில்லை. சாயலில் ஒத்த ஒருவரைத் தேடிப்பிடித்து வெள்ளை முடி ஒட்டி நிறுத்தியிருக்கலாம். அல்லது தொடரையே முடித்திருக்கலாம். தயாரிப்பாளர்கள் இரண்டையும் செய்யவில்லை. நாயகன் வேற்றுலகவாசி என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, தேய்ந்துபோன உடல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று ஒரு விதியைப் படைத்தார்கள். இதற்கு 'ரீஜெனரேஷன்' என்ற பெயர்கூட 1974-இல்தான் கதைக்குள் வந்தது. நம் கதைகளில் வரும் கூடுவிட்டுக் கூடுபாய்தல் இதுவன்று என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். கூடுபாய்பவனுக்கு உடல் மட்டுமே மாறும். உள்ளே இருப்பவன் அவனேதான். டாக்டருக்கோ உடலோடு பேச்சும் நடையும் குணமும் சேர்ந்து மாறிவிடுகின்றன. நினைவு மட்டும் எஞ்சுகிறது. அப்படியானால் 'அவரே இவர்' என்று எதைக்கொண்டு சொல்வது?

இந்தக் கேள்வியை ரசிகர்களுக்கு முன்பே தொடர் கேட்டுவிட்டது. 1966 நவம்பர் 5-ஆம் நாள் தொடங்கிய 'டாலெக்குகளின் ஆற்றல்' என்னும் கதையில், தரையில் விழுந்துகிடந்த முதியவரின் இடத்தில் பேட்ரிக் ட்ராட்டன் எழுந்து உட்காருகிறார். உடனிருக்கும் இரு தோழர்களில் போலிக்கு நம்பலாம் என்று தோன்றுகிறது, பென்னுக்கு நம்பிக்கையில்லை. பழைய டாக்டரின் மோதிரம் புதியவரின் விரலில் நிற்காமல் நழுவுகிறது. புதியவரோ தம்மை நிரூபிக்கச் சற்றும் முயலாமல், டாக்டரைப் படர்க்கையில் வைத்துப் பேசிக்கொண்டு குழலூதித் திரிகிறார். கண்ணாடியில் பார்த்தால் பழைய முகம் ஒரு கணம் தெரிந்து மறைகிறது. வீட்டில் அமர்ந்து பார்த்தவர்களின் ஐயமெல்லாம் பென் என்னும் பாத்திரமாகத் திரையிலேயே நடமாடுகிறது. நடிகர் மாறப்போகிறார் என்பதைச் செய்தித்தாள்கள் முன்னரே எழுதியிருந்தன. ஆனால் ஏற்கச் செய்யும் பொறுப்பு நாடகத்தின் தலையில்தான் இருந்தது. முடிவில் ஐயத்தைத் தீர்ப்பது யார்? நண்பர்கள் அல்லர், எதிரி. புதிய முகத்தைக் கண்ட மாத்திரத்தில் ஒரு டாலெக் அவரை இன்னாரென்று அடையாளம் கண்டுகொள்கிறது. பகைவனின் அச்சத்தைச் சான்றாக வைத்து நாயகனை நிலைநாட்டும் இந்த உத்தியை, பாத்திரப்படைப்பு பற்றி வகுப்பில் பேசும்போது நாம் நினைத்துக்கொள்வதுண்டு. இக்கதையின் ஒளிநாடாக்களைப் பி.பி.சி. பின்னாளில் அழித்துவிட்டது. அன்றைய ரசிகர்கள் தொலைக்காட்சியிலிருந்து தம் வீடுகளில் பதிவுசெய்து வைத்திருந்த ஒலி எஞ்சியதால்தான் 2016-இல் அதை அசைவுப்படமாக மீட்டெடுக்க முடிந்தது. நிறுவனம் தொலைத்ததை ரசிகன் காத்தான்.

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம். 2009 சனவரியில் 26 வயது மாட் ஸ்மித்தின் பெயர் வெளியானபோது, 'இந்தச் சிறுவனா?' என்றார்கள். 2013 ஆகஸ்டில் 55 வயது பீட்டர் கபால்டியை நேரலை நிகழ்ச்சி நடத்தி அறிவித்தார்கள், 'இவ்வளவு முதியவரா?' என்று அதே வாய்கள் கேட்டன. 2017 ஜூலை 16 அன்று, விம்பிள்டன் ஆடவர் இறுதியாட்டம் முடிந்த கையோடு, ஜோடி விட்டேக்கர் ஒரு சிறு படத்தில் தலைமூடியை விலக்கி முகம் காட்டினார். முதல் பெண் டாக்டர். அவருடைய முதல் முழுக்கதை வெளியானது 2018 அக்டோபர் 7-இல். இடையில் ஏறத்தாழ பதினைந்து மாதங்கள், பார்ப்பதற்கு ஏறக்குறைய எதுவுமில்லாமலே, ஆதரித்தும் எதிர்த்தும் எழுதித் தள்ளினார்கள். 1966-இல் பென்னுக்குக் குறைந்தது ஒரு மோதிரமாவது கையில் இருந்தது.

நடிப்பைப் பார்க்கும் முன்பே தீர்ப்பெழுதுவது விமரிசனம் ஆகாது என்பது எளிய உண்மை. அதைவிடக் கடினமான ஒன்று உண்டு: எழுத்தின் பிழைக்கு நடிகர் தண்டனை ஏற்கிறார். காலின் பேக்கரின் கதையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம். 1984 மார்ச்சில், பருவத்தின் கடைசிக் கதையாக அவரை அறிமுகப்படுத்தினார்கள். உருமாற்றத்தின் மயக்கத்தில் டாக்டர் தம் தோழியின் கழுத்தை நெரிக்கிறார். நாயகனைப் படிப்படியாக நமக்கு இனியவராக்கலாம் என்பது எழுதியவர்களின் திட்டம். அடுத்த கதை வந்ததோ 1985 சனவரியில். அதுவரை பார்வையாளர் மனத்தில் தங்கியது அந்தக் கழுத்து நெரிப்புதான். உடையும் திட்டமிட்டே அருவருப்பாக, பல நிற ஒட்டுத்துணிகளால் தைக்கப்பட்டிருந்தது. பின்னர் பி.பி.சி. மேலிடம் தொடரைப் பதினெட்டு மாதங்கள் நிறுத்திவைத்தது. 1986-இல் திரும்பவந்த தொடருக்கும் வரவேற்பு குறைந்தது. நடிகர் நீக்கப்பட்டார். உருமாறும் காட்சிக்காக மட்டும் வந்து போகும்படி அழைத்தபோது அவர் மறுத்துவிட, அடுத்த டாக்டரான சில்வெஸ்டர் மெக்காய் பொய்முடி அணிந்து இவராகவும் விழுந்துகிடக்க நேர்ந்தது. இத்தொடரின் வரலாற்றில் இதைவிடத் துயரமான காட்சி வேறில்லை.

1999-இலிருந்து 'பிக் ஃபினிஷ்' என்னும் நிறுவனம் ஒலிநாடகங்களை வெளியிடத் தொடங்கியது. அவற்றில் காலின் பேக்கரும் நடித்தார். அதே மனிதர், அதே குரல், அதே பாத்திரம். எழுத்து மட்டும் வேறு. ஒருகாலத்தில் அவரை ஒதுக்கிய ரசிகர்களே அவரைக் கொண்டாடினார்கள். அவர் நல்ல டாக்டரா என்பதற்கு விடை அவரிடம் இருந்திருக்கவில்லை.

விட்டேக்கரை இதனோடு சேர்த்துத்தான் பார்க்கிறோம். அவருடைய முதல் கதையை ஏறத்தாழ 1.1 கோடிப் பேர் பார்த்தார்கள்; பெண் என்பதால் மக்கள் விலகினார்கள் என்ற வாதத்துக்கு இந்த எண்ணே விடை. பின்னர் பார்வையாளர் குறைந்ததற்கு, மூன்று தோழர்களுக்கிடையே டாக்டருக்கு உள்மனம் என்று ஒன்று எழுதப்படாமல் போனதும், காட்ட வேண்டியதைப் பேச்சில் விளக்கியதுமே காரணம் என்பது நம் கருத்து. ஆனால் எதிர்த்தவர்கள் எழுத்தைக் கைகாட்டாமல் பாலினத்தைக் கைகாட்டினார்கள். ஆதரித்தவர்களோ எழுத்தைப் பற்றிய நியாயமான குறையையும் பெண்வெறுப்பு என்று தள்ளினார்கள். இரு தரப்புக்கும் நடுவே எழுத்து விசாரிக்கப்படாமலே தப்பித்துக்கொண்டது. ஐந்தாம் டாக்டரான பீட்டர் டேவிசன், சிறுவர்களுக்கு ஒரு முன்மாதிரி இல்லாமல் போகிறதே என்று வருந்தினார். அதை உடனடியாக மறுத்தவர் காலின் பேக்கர். தோற்றத்தை வைத்துத் தள்ளப்படுவது என்னவென்று அவர் அறிவார்.

பெண் டாக்டர் என்பது புதிய நாகரிகத்தின் திணிப்பு என்போர் தொடரையே சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். தொடரைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான சிட்னி நியூமன் 1986-லேயே இதைப் பரிந்துரைத்து எழுதியிருக்கிறார். 2014-இல் டாக்டரின் பரம எதிரியான மாஸ்டர் பெண்ணுருவில் வந்தாயிற்று. 2015-இல் ஒரு வெள்ளை ஆண் தளபதி கறுப்பினப் பெண்ணாக உருமாறுவதைத் திரையிலேயே காட்டியாயிற்று. ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த சூட்டி கட்வாவை 2022-இல் அறிவித்தபோது எழுந்த முணுமுணுப்பிலும் இதே பார்வைக்குறை இருந்தது. 'இவர் அவரைப்போல் இல்லையே' என்பது ரசிகரின் துக்கம். அதற்கு மரியாதை உண்டு. 'இப்படிப்பட்டவர் அங்கே நிற்கலாமா' என்பது வேறு சங்கதி.

இதைப் படித்து, ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டு கொடுத்ததைப் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். 1989-இல் பி.பி.சி. தொடரை நிறுத்திய பின், இடையில் 1996-இல் வந்த ஒரு தொலைக்காட்சிப் படம் நீங்கலாக, பதினாறு ஆண்டுகள் அதைக் காத்தவர்கள் இந்த முணுமுணுப்பாளர்களே. 1991 முதல் வெளிவந்த நாவல் வரிசையில் ரசிகர்கள் எழுத்தாளர்கள் ஆனார்கள். 2005-இல் தொடரை மீட்ட ரஸ்ஸல் டி. டேவிஸ், அவ்வரிசையில் ஒரு நாவல் எழுதியவர். கபால்டி சிறுவயதில் எழுதிய ரசிகர் கடிதம் 1974-இல் 'ரேடியோ டைம்ஸ்' இதழில் அச்சாகியிருக்கிறது. 1986-இல், பதின்வயதுப் பையனாக ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றி, அவ்வாண்டுக் கதைகள் தேறவில்லை என்று எழுத்தாளர்களின் முகத்துக்கு நேரே சொன்னவர் கிறிஸ் சிப்னல். விட்டேக்கரின் காலத்தில் தொடரின் தலைமை எழுத்தாளர் அவர்தான்! பையன் அன்று குறைகூறியது எழுத்தை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மாட் ஸ்மித்தின் மீதான ஐயம் எப்படித் தீர்ந்தது என்பதும் இங்கே பொருந்தும். 2010 ஏப்ரலில் வந்த அவருடைய முதல் கதையின் இறுதியில், பூமியை மிரட்டும் வேற்றுலகப் படையின் முன் அவர் நிற்கிறார். முந்தைய பத்து டாக்டர்களின் முகங்களும் காற்றில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்ற, அந்த உருவத்தை ஊடுருவி இளைஞர் முன்னே நடந்து வருகிறார். படை ஓடிவிடுகிறது. மறுபடியும் எதிரியின் சாட்சியம். நாற்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே உத்தி பலித்தது.

2025 மே 31-இல் வெளியான 'தி ரியாலிட்டி வார்' கதையில் சூட்டி கட்வா விடைபெற்றார். இரண்டு பருவங்கள், எட்டெட்டுக் கதைகள், சில சிறப்புக் கதைகள். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. ஒளி அடங்கியதும் தெரிந்த முகம் பில்லி பைப்பருடையது. 2005-இல் டாக்டரின் தோழி ரோஸாக அறிமுகமானவர். முந்தைய உருமாற்றங்களில் புதியவரின் பெயரோடு 'டாக்டராக' என்று போடும் வழக்கமிருக்க, இம்முறை அச்சொல் இல்லை. அறிமுகம், பில்லி பைப்பர் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், டிஸ்னியுடனான கூட்டு முடிந்ததாகவும், 2026 கிறிஸ்துமசுக்கு டேவிஸ் ஒரு சிறப்புக் கதை எழுதுவதாகவும் பி.பி.சி. அறிவித்தது. இவர் டாக்டரா, ரோஸா, வேறு எவருமா என்று ரசிகர்கள் பக்கம் பக்கமாக வாதிட்டார்கள். அவர்களை நாம் குறைசொல்ல மாட்டோம். பழகிய முகம் ஒன்றைக் காட்டிவிட்டு, அதற்குப் பெயரும் சொல்லாமல், ஒரு வசனத்துக்குமேல் கதையும் கொடுக்காமல் போனவர்களைத்தான் கேட்க வேண்டும்: பென்னுக்குக் கொடுத்த மோதிரத்தை ஏன் இவர்களுக்குக் கொடுக்கவில்லை?