மன்னிப்பு மறதியன்று

அன்பு என்னும் சொல் நம் நாட்டில் இரு சாராராற் பழுதுபடுத்தப்பட்டுள்ளது. ஒரு சாரார் அதனைக் கோழைகளின் புகலிடம் என்பர். ஆயுதம் ஏந்த வலியற்றவன் தன் வலியின்மைக்குச் சூட்டிய அழகிய பெயரே அன்பு என்பது அவர்தம் கட்சி. மறுசாரார் அதனை மேடைதோறும் புகழ்வர். ஆயின், அவர்கள் புகழும் அன்பு யாதெனக் கேட்டால், நடந்ததை மறந்துவிடுவதே என்பர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எதிர்ப்பவராகத் தோன்றினும் அடிப்படையில் ஒரே தவற்றையே செய்கின்றனர். அன்பு செய்பவன் நீதி கேளான் என்பதே அத்தவறு. முன்னவர் நீதி வேண்டி அன்பைத் துறக்கின்றனர். பின்னவர் அன்பின் பெயரால் நீதியைத் துறக்கச் சொல்லுகின்றனர்.

கிறிஸ்தவ நெறி இவ்விரு கூற்றையும் மறுக்கின்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதனைப் பொதுப்பட உரைத்தல் எளிது. குருதி படிந்த ஒரு மண்ணில் நின்று உரைத்தலே நேர்மை. ஆதலின் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நிலத்தையே இங்கு உரைகல்லாகக் கொள்கின்றேன்.

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் இத்துறைமுகத்துக்கு அதன் சிறப்பே அவலமுமாயிற்று. 1620இல் டென்மார்க்கு நாட்டவரின் கப்பல்கள் இங்கு வந்தன. அவர்களை அடுத்துப் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டில் மட்டும் முதலில் ஆங்கிலேயரிடமும் பின்னர்ப் பிரான்சியரிடமும் அது கைமாறியது. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். இவர்கள் அனைவரும் கிறிஸ்தவர்கள். ஒரே கிறிஸ்துவைத் தொழுதவர்கள், ஒரே மலைப்பொழிவை வாசித்தவர்கள், இத்துறைமுகத்துக்காக ஒருவர்மீது ஒருவர் பீரங்கி சுட்டனர்.

அதனினும் பெரிய குற்றம் ஒன்றுண்டு. 1620களிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சாவின் காலத்திற் கோணேசர் கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. அக்கோயில் மீள எழுந்து குடமுழுக்குக் காண 1963ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்றும் அடியார்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடந்தே கோணேசரை வழிபடச் செல்கின்றனர். அவ்வாசலிலே நின்று, “பகைவரை நேசியுங்கள்” என்று ஒரு கிறிஸ்தவன் பிறருக்குப் போதிக்க முற்பட்டால், கேட்பவர் நகைக்க மாட்டாரா?

“அது போர்த்துக்கேயர் செய்தது, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?” என்று தப்பித்துக்கொள்வோர் உளர். இவ்வாதம் நில்லாது. அவர்கள் கொணர்ந்த திருமறையையும் திருவருட்சாதனங்களையும் நம் மரபுரிமை எனப் பெற்றுக்கொண்ட நாம், அவர்கள் விட்டுச்சென்ற பழியை மட்டும் அந்நியர் சொத்தெனத் தள்ளுதல் எங்ஙனம்? 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உரோமாபுரியில் திருச்சபையின் மக்கள் வரலாற்றிற் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். அம்மன்றாட்டைத் திருமலையின் சூழலிற் பொருத்திப் பார்ப்பின், அதன் முதல் வாக்கியம் கோணேசர் கோயிலைப் பற்றியதாகவே இருத்தல் வேண்டும். அன்பைப் பற்றிப் பேசும் உரிமை தன் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்பவனுக்கே உண்டு.

இனி, அக்கட்டளை உண்மையில் யாது கூறுகின்றது என்பதை நோக்குவோம். பகைவனை நேசிக்குமாறு இயேசு பணித்தார். பகைவனே இல்லை என்று அவர் கூறவில்லை. பகைவன் செய்தது பகையன்று என்றும் கூறவில்லை. கட்டளையின் சொல்லமைப்பே தீங்கைத் தீங்கெனப் பெயரிட்டு அழைக்கின்றது. கெத்செமனித் தோட்டத்திற் பேதுரு வாளை உருவியபோது அதனை உறையில் இடுமாறு பணித்தவர் அவரே. ஆயின் அதே இரவில், விசாரணையின்போது காவலன் ஒருவன் தம்மைக் கன்னத்தில் அறைந்தவேளை அவர் வாளாவிருந்தாரல்லர். தாம் பேசியதிற் பிழையிருப்பின் அதனை எண்பிக்குமாறும், இல்லையேல் தம்மை அடித்தமைக்குக் காரணம் கூறுமாறும் அவனிடம் கேட்டார். யோவான் நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் இச்சிறு நிகழ்ச்சியை நம் போதகர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். திருப்பி அடியாமையும் “ஏன் அடித்தாய்?” என்று கேட்டலும் ஒரே மனிதரிடம், ஒரே இரவில், ஒருங்கே நின்றன. கிறிஸ்தவ அன்பின் இலக்கணம் இதுவே. அடித்தவனை வெறுக்காதே, அடித்ததை மறைக்காதே.

முதலாம் சாராரின் கட்சியை இனி ஆராய்வோம். “அகிம்சையை நாம் சோதித்துப் பார்த்தோம், அது தோற்றது” என்பர் அவர். இக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. அதனை மறைத்தல் தகாது. கிறிஸ்தவரான சா. யே. வே. செல்வநாயகத்தின் தலைமையில் 1956 யூன் 5ஆம் நாள் காலிமுகத்திடலில் அறப்போராட்டத்தில் அமர்ந்தவர்கள் காடையராற் தாக்கப்பட்டனர். அவ்வாண்டு ஓகஸ்டிலே திருகோணமலையிற் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு சமஷ்டிக் கோரிக்கையை முன்வைத்தது. 1957 யூலையிற் கைச்சாத்தான பண்டா–செல்வா ஒப்பந்தம் மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1961இல் வடக்குக் கிழக்கின் கச்சேரிகள் முன், திருகோணமலைக் கச்சேரி உட்பட, மக்கள் அமைதியாக அமர்ந்தனர். ஏப்ரிலில் அவசரகாலச் சட்டம் வந்தது. தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். வெறுங்கையுடன் வந்தவனுக்கு அரசு தடியால் விடை கூறியது என்பது மறுக்கவொண்ணா வரலாறு. ஆயுதம் ஏந்திய இளைஞனை வசைபாடுவோர் இவ்வரலாற்றை ஒருபோதும் கூறாது விடுவது அறமாகாது.

எனினும், “அகிம்சை தோற்றது, ஆகவே வன்முறை வெல்லும்” என்பது தருக்கமன்று. முதற் கூற்றிலிருந்து இரண்டாவது கூற்றுப் பிறப்பதில்லை. 1956இல், காலிமுகத்திடலில் நம்மவர் அடியுண்ட அதே ஆண்டில், அமெரிக்காவின் மொன்ற்கொமரி நகரில் மாட்டின் லூதர் கிங்கின் இல்லத்தின்மீது குண்டு வீசப்பட்டது. சினந்து திரண்ட மக்களை அவர் தம் வீட்டு முற்றத்தில் நின்று அமைதிப்படுத்தித் திருப்பியனுப்பினார். ஆனாற் பேருந்துப் பகிஷ்கரிப்பை அவர் கைவிடவில்லை. 381 நாட்கள் அது தொடர்ந்தது. பேருந்துகளில் இனப் பாகுபாடு சட்டத்தால் ஒழிந்தபின்னரே முடிவுற்றது. குண்டு வீசியவனை வெறுக்காதிருத்தலும், தன் கோரிக்கையிலிருந்து இம்மியும் பின்வாங்காதிருத்தலும் அவரிடம் முரண்படவில்லை. நம் அறப்போராட்டத்தின் குறை அது அன்பைக் கைக்கொண்டமையன்று; சிங்களக் கிராமத்தவனின் செவியை எட்டும் மொழியில் அந்த அன்பை நாம் பேசவில்லை என்பதே என் துணிபு.

வன்முறை ஈட்டித்தந்தது யாது? அரசபடையினர் செய்தவற்றை நாம் மறக்கவில்லை. நம் பெயராற் செய்யப்பட்டவற்றையும் அதே மூச்சில் எண்ணிப் பார்ப்போம். 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 1995 மே மாதத்தில், இத்திருகோணமலை மாவட்டத்தின் கல்லராவ என்னும் மீன்பிடிக் கிராமத்திற் சிங்கள மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர். வெறுப்புப் புறப்பகைவனோடு நின்றுவிடவுமில்லை. எல்லாத் தரப்பினரின் கொடுமைகளையும் பக்கச்சார்பின்றிப் பதிவுசெய்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்தெம்பர் 21ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். உண்மையைச் சொன்ன ஆசிரியையை வாழவிடாத விடுதலை யாருக்கு விடுதலை? பல்கலைக்கழகத்தில் இருந்து இதனை வாசிப்போர் இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் இயலாது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் வந்து நின்றது அப்பாதை. அங்கு இறந்த மக்களின் குருதிக்கு அரசே முதற் பொறுப்பாளி. ஆயினும் அவர்களைப் போர்க்களத்திலிருந்து வெளியேறவிடாது தடுத்தவர்களும் பொறுப்பினின்று நீங்கார்.

இரண்டாம் சாராரின் கட்சி இதனினும் நுண்ணியது. ஆதலின் இதனினும் ஆபத்தானது. “போர் முடிந்துவிட்டது, மன்னித்து மறப்போம்” என்பது அவர் முழக்கம். இவர்களைத் திருகோணமலைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். 2006 சனவரி 2ஆம் நாள் மாலை அங்கே, காந்தி சிலைக்கு அண்மையில், ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்ற கூற்று முதலிற் பரப்பப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைப் புலப்படுத்திய நிழற்படங்களை எடுத்த செய்தியாளர் சுகிர்தராஜன் அம்மாதம் 24ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். மகனை இழந்த மருத்துவர் மனோகரன் நீதி கேட்டமையால் அச்சுறுத்தப்பட்டு நாட்டை விட்டே நீங்கினார். பதின்மூன்றாண்டுகளின் பின், 2019 யூலையில், குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரும் போதிய சாட்சியமின்மையால் விடுவிக்கப்பட்டனர். இதே மாவட்டத்தின் குமாரபுரத்தில் 1996 பெப்ருவரி 11ஆம் நாள் குழந்தைகளும் பெண்களும் உட்பட 24 பேர் கொல்லப்பட்ட வழக்கிலும் 2016இல் இராணுவத்தினர் விடுதலை பெற்றனர். 2006 ஓகஸ்டில் மூதூரிற் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளருக்காக இன்றுவரை ஒருவரேனும் தண்டிக்கப்பட்டிலர். அவர்களுள் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம்.

இந்நிலையில் “மன்னியுங்கள்” என்று அத்தாய் தந்தையரிடம் சொல்ல யாருக்கு உரிமை உண்டு? மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவனின் உடைமை. அதனை அவன் தரலாம். பிறர் எடுத்து வழங்குதல் களவு. மேலும், யாரை மன்னிப்பது? கொன்றவன் யார் என்பதே மறைக்கப்பட்டிருக்கையில் மன்னிப்பு முகவரியற்ற கடிதமாகின்றது. உண்மையை அடக்கிவிட்டு மன்னிப்பைக் கேட்பவர் அன்பைக் கேட்பவரல்லர், மௌனத்தைக் கேட்பவர்.

இதனைத் திருச்சபையே தன் அநுபவத்திற் கற்றிருக்கின்றது. 2019 ஏப்ரில் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. பழிவாங்கலில் இறங்கவேண்டாமெனக் கர்தினால் மெல்கம் ரஞ்சித் மக்களை வேண்டினார்; அது போற்றத்தக்க செயல். ஆயின் அவர் உண்மையைக் கேட்பதை நிறுத்தவில்லை. 2021 மார்ச் 7ஆம் நாள் கத்தோலிக்கர் கறுப்புடை அணிந்து ஆலயங்களுக்குச் சென்றனர். 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. மன்னிப்பும் நீதிக்கோரிக்கையும் ஒரே உள்ளத்தில் வாழமுடியும் என்பதற்கு இதனிலும் அண்மைய சான்று வேண்டுமோ?

வேண்டாம். ஆனால் அதிலிருந்து ஒரு வினா பிறக்கின்றது. கட்டுவாப்பிட்டியின் குழந்தைகளுக்காகக் கேட்கப்பட்ட நீதி, அதே உரத்த குரலிற் குமாரபுரத்தின் குழந்தைகளுக்காகக் கேட்கப்பட்டதா? சிங்களவரும் தமிழரும் ஒரே பீடத்தின்முன் மண்டியிடும் சமயம் இந்நாட்டிற் கிறிஸ்தவமே. அப்பேறு பெற்ற திருச்சபை தன் தெற்கின் குரலையும் வடகிழக்கின் குரலையும் ஒன்றாக்கியிருப்பின், அரசுகள் அவ்வளவு எளிதாகச் செவியை மூடிக்கொண்டிரா. தன் இனத்தவனின் பிணத்துக்கு மட்டும் அழும் அன்பு இரத்த பாசமேயன்றிக் கிறிஸ்துவின் அன்பாகாது.

அந்த அன்பு எத்தகையது என்பதற்கு நம் கிழக்கு மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் லூசியானாவிற் பிறந்து, 1948இல் இலங்கைக்கு வந்து, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் மாணவர்களுக்குப் பாடமும் கூடைப்பந்தும் பயிற்றியவர் இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபேட். 1990 ஓகஸ்டில் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டுத் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர்மீது ஒருவர் பாய்ந்த நாட்களில், அவர் நாடு திரும்பியிருக்கலாம். எவரும் குறை கூறியிரார். அவரோ வாழைச்சேனையில் இடருற்றிருந்தோருக்கு உதவச் சென்றார். அம்மாதம் 15ஆம் நாள் மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், அவரும் உடன்சென்ற இளைஞரும் ஏறாவூரை அண்டிக் காணாமற் போயினர். இன்றுவரை அவர்தம் உடல்கள் கிடைக்கவில்லை. இவரையா கோழை என்பது? துப்பாக்கி ஏந்தியவனுக்கேனும் கையில் ஒரு துணை உண்டு. வெறுங்கையுடன் அவ்வீதியிற் சென்றவனின் நெஞ்சுரத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

ஆகவே, நாம் செய்யத்தக்கது யாது? பல்கலைக்கழகத்தாராகிய நமக்கு ஒரு சோதனையை முன்வைக்கின்றேன். தமிழ் மாணவன் கல்லராவையையும் காத்தான்குடியையும் முதலிற் சொல்லட்டும். சிங்கள மாணவன் குமாரபுரத்தையும் கடற்கரையையும் முதலிற் சொல்லட்டும். முஸ்லிம் மாணவனும் தன் பக்கத்துத் தீங்கை முதலிற் சொல்லட்டும். கிறிஸ்தவன் கோணேசர் கோயிலை முதலிற் சொல்லட்டும். தன் தரப்பின் குற்றத்தைத் தன் வாயாற் கூறியவனே மற்றவனிடம் “ஏன் அடித்தாய்?” என்று வெறுப்பின்றிக் கேட்கும் தகுதி பெறுகின்றான். அவ்வினாவை அவன் கேட்டே ஆகவேண்டும். விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

திருமலைக் கடற்கரையிற் காந்தி சிலைக்கு அருகே அவ்வினா இன்னும் விடையின்றி நிற்கின்றது. அதனை மறக்கச் சொல்பவனுக்கும், அதற்குத் துப்பாக்கியால் விடை தேடுபவனுக்கும் நாம் கூறவேண்டிய மறுமொழி ஒன்றே: நாங்கள் வெறுக்கவும் மாட்டோம், விடவும் மாட்டோம்.