கோப்பையிற் பூக்கும் பால்

அண்மையில் கற்பிட்டிக் குடாநாட்டின் எத்தாளைக் கிராமத்திலுள்ள அன்பர் ஒருவரின் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தோம். அடுக்களையிலே தாய்க்கும் மகளுக்கும் வழக்கொன்று நடந்துகொண்டிருந்தது. கோப்பியின் மேல் வெண்ணுரையால் இலையும் பூவும் வரையும் கலையை மகள் பழகி வருகின்றாள். அயல்வீட்டுப் பசுவின் பால் அப்பொழுதுதான் வந்திருந்தது.

“காய்ச்சினால் நுரை நிற்காதாம் உம்மா. பச்சைப் பாலையே சூடாக்குவோம்” என்றாள் மகள். “காய்ச்சாத பாலை இந்த வீட்டில் ஒருவரும் குடித்ததில்லை மகள்” என்றார் தாய். இருவரும் எம்மை நோக்கினர். அன்று நாம் கூறிய தீர்ப்பையே வாசக அன்பர்களுக்கும் ஈண்டு உரைக்கின்றோம்.

‘லாட்டே’ என்னும் இத்தாலியச் சொல்லுக்குப் பால் என்பதே பொருள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் ஷோமர் என்பவர் பரப்பிய இச்சித்திரக் கலை இன்று உலகெங்கும் வழங்குகின்றது. பெயர் காட்டுமாப்போல, இதன் உயிர் பாலிலேதான் உள்ளது. பாலிலுள்ள புரதம் காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் போர்வைபோல நின்று அவை உடையாது காக்கின்றது. கொழுப்பு வழவழப்பையும் சுவையையும் தருகின்றது. பசுப்பாலில் இவ்விரண்டும் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு வீதம் அளவோடு அமைந்துள்ளன. எருமைப் பாலிற் கொழுப்பு ஏறக்குறைய இரு மடங்கு. சுவை மிகுதியாயினும், புதிதாகப் பழகுவோர்க்குப் பசுப்பாலே எளிது. தென்னை செழித்த புத்தளத்தாராகிய எமக்குத் தேங்காய்ப்பால் கைக்கெட்டும் பொருள்தான். ஆயினும் அதிற் புரதம் குறைவாதலின் நுரை நிலைப்பதில்லை.

இனி, காய்ச்சுவதா வேண்டாவா என்னும் வழக்கிற்கு வருவோம். சித்திரத்திற்கு வேண்டிய பாலை 60 முதல் 65 பாகை செல்சியசு வரையே சூடாக்குவர். அதுவும் சில கணங்களே. ஆனால் பச்சைப் பாலிலுள்ள நோய்க்கிருமிகள் அழிவதற்கு 63 பாகையில் 30 நிமிடமேனும், 72 பாகையில் 15 விநாடியேனும் அது நின்றாக வேண்டும். ஆகவே நுரைக்கும் சூடு கிருமியைக் கொல்லும் சூடாகாது. காசநோயும், புரூசெல்லோசிஸ் என்னும் காய்ச்சலும் பச்சைப் பாலின் வழியே மாந்தரைப் பற்றக்கூடியவை. ஓர் இலைச் சித்திரத்திற்காகக் குடும்பத்தின் நலத்தைப் பணயம் வைத்தல் தகாது. இவ்வளவில் தாயின் பக்கமே நியாயம்.

ஆனால் காய்ச்சிய பாலில் நுரை வராதென்பதும் பிழை. எமது தேநீர்க்கடைகளிலே காய்ச்சிய பாலைத்தானே உயர்த்தி ஆற்றி நுரை எழுப்புகின்றனர்? முறை அறிந்தால் மகளின் எண்ணமும் ஈடேறும். கறந்த பாலை வெயிலில் வைக்காது உடனே நன்கு பொங்கக் காய்ச்சுக. பாத்திரத்தைத் தண்ணீரில் இருத்தி ஆற்றி, ஆடையை வடித்தெடுத்து, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க. நாட்பட்ட பாலிற் கொழுப்புச் சிதைந்து நுரையை உடைக்கும். ஆதலின் மறுநாளே பயன்படுத்துக. கடையில் வாங்கும் கிருமி நீக்கிய திரவப் பாலுக்கு இக்காய்ச்சல் வேண்டியதில்லை.

நீராவிப் பொறி இல்லாதோர், கோப்பி வடிக்கும் அழுத்துகுழல் உள்ள கண்ணாடிச் சாடியைக் கொள்ளலாம். குளிர்ந்த பாலைச் சூடாக்கி, பாத்திரத்தைக் கையால் தொட்டுக்கொண்டிருக்க இயலாத பதம் வந்ததும் இறக்குக. சாடியில் மூன்றிலொரு பங்கு வார்த்து, குழலை அரை நிமிடம் வரை மேலும் கீழும் அசைக்க. பின் சாடியை மேசையில் மெல்லத் தட்டிச் சுழற்றினால் பெருங்குமிழிகள் நீங்கிப் பால் பளபளக்கும். கெட்டியான கோப்பியின் மேல் முதலில் உயரத்திலிருந்தும், பின்னர் கோப்பை விளிம்பை அணுகியும் வார்க்க வேண்டும். 70 பாகையைக் கடந்த பால் இனிமை குன்றி, நுரையும் கரடாகும்.

பால்மாவினால் இயலாதோ எனச் சிலர் வினவலாம். இயலும், ஆயினும் மாத்துகள்களின் மேற்பரப்பிற் கொழுப்பு வெளிப்பட்டு நிற்பதால் நுரை சற்றே தளரும். இளஞ்சூட்டு நீரிற் கட்டியின்றிக் கரைத்துச் சில மணி நேரம் குளிரவைத்தல் நன்று. 2021, 2022ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி முடையால் பால்மாவுக்கு நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றதை எவரும் மறவார். பாற்தேநீர் அரும்பொருளாகிய அந்நாட்களில், பசுவுள்ள அயலாரின் அருமையைப் பலர் உணர்ந்தனர். அதனாலேயே கூறுகின்றோம்: பழகும்போது வீணாகும் பால் ஒரு துளியும் இருத்தலாகாது. சித்திரம் பிழைத்த கோப்பையும் குடிப்பதற்கே உரியது.

மறுநாட் காலை மகளின் முதற் கோப்பையில் மேகம் போன்றதொரு திட்டே வந்தது. இரண்டாவதிலும் அவ்வாறே. மூன்றாவதில் இலை போன்றதொன்று தோன்றியது. அதனைக் கையில் வாங்கிய மூதாட்டி, “வெற்றிலையா மகள்?” என்று கேட்டு, ஒரு வாய் பருகி, “பால் நன்றாகக் காய்ந்திருக்கிறது” என்றார். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்து நகைத்தனர். மேகம் மிதந்த முதலிரு கோப்பைகளையும் நாமும் வீட்டுக்கார அன்பரும் பருகி முடித்தோம்.