பிளக் ஸ்பானர் பிடிக்கிற கை தாழ்ந்த கையா?



நேராக விஷயத்துக்கு வருகிறோம். டர்போ பூட்டிய பொக்ஸர் எஞ்சின் காருக்கு வீட்டு முற்றத்தில் வைத்தே ஸ்பார்க் பிளக் மாற்றலாம். "உதெல்லாம் வீட்டில செய்யேலாது, கொழும்புக்குக் கொண்டு போங்கோ" என்று சொல்பவர்களோடுதான் இன்று எங்கள் வழக்கு.

வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் எத்தனை பேரிடம் சுபாரு நிற்கிறது என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சுவிசிலும் கனடாவிலும் பனிக்காலத்துக்கென்று அந்தக் காரை வாங்குகிறார்கள். அந்த நாடுகளில் உறவு இல்லாத வீடு எங்கள் தீவுகளில் குறைவு. அதோடு, கடினமான எஞ்சினை வேண்டுமென்றுதான் எடுத்தோம். அதிலேயே முடியுமென்றால் ஓட்டோவுக்கும் வள்ளத்துக்கும் தனியாக வாதாடத் தேவையில்லை.

அதில் என்ன கடினம்? சாதாரண எஞ்சினில் பிளக் மேலே நிற்கும், பொனட்டைத் திறந்தால் கைக்கு எட்டும். பொக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்துக் கிடக்கின்றன. பிளக் பக்கவாட்டில், காரின் சட்டத்தைப் பார்த்தபடி இருக்கும். இடைவெளி ஒரு கை நுழையும் அளவுதான். ஆகவே ஒரு பக்கம் பற்றறியைக் கழற்று, மறுபக்கம் எயார் ஃபில்டர் பெட்டியைக் கழற்று. கொயிலின் வயரை எடு, ஆணியைக் கழற்று, கொயிலை இழு. குழிக்குள் தூசி இருந்தால் காற்றடித்து வெளியேற்று. 16 மில்லிமீற்றர் பிளக் சொக்கெட், ஒரு சிறு நீட்டுக்குழாய், மடங்கும் மூட்டு ஒன்று. நான்கு பிளக். பொறுமை உள்ளவருக்கு ஒரு காலைப்பொழுது வேலை.

டர்போ என்பதால் கவனிக்க வேண்டியவை இரண்டு. டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. அமுங்கிய காற்றைத் தாண்டிப் பொறி பாய்வது கஷ்டம். அதனால் பிளக்கின் இடைவெளி சிறிதாக இருக்க வேண்டும். சுபாருவின் பழைய டர்போ எஞ்சின்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை. அடுத்தது பிளக்கின் வெப்ப இலக்கம். மரையும் நீளமும் ஒன்றாக இருந்தாலும் இலக்கம் மாறினால் பிளக் அளவுக்கு மீறிச் சூடாகி, பொறி வருமுன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும். பிஸ்டனே உருகலாம். கடைக்காரர் "இதுவும் பொருந்தும்" என்றால் நம்பாதீர்கள், கையேட்டைப் பாருங்கள்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்கவில்லை. சிலிண்டர் ஹெட் அலுமினியம். எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்துவிடும். புதிய பிளக்கைக் கோணலாக ஏற்றினாலும் அதே கதி. பிறகு செலவு பல மடங்கு. உண்மைதான். ஆனால் இந்த ஆபத்துக்கு மருந்தும் தெரிந்ததே. இரவு முழுக்க எஞ்சினை ஆறவிடு. புதிய பிளக்கின் வால் பக்கத்தில் ஒரு றப்பர் குழாயைச் செருகி விரலால் மட்டும் சுழற்று. முதல் சுற்றுகளில் இறுகினால் நிறுத்தி, எடுத்து, மறுபடி தொடங்கு. கடைசி இறுக்கத்தை அளவு காட்டும் ஸ்பானரால் கையேடு சொல்கிறபடி கொடு. "கவனம்" என்பது கற்பிக்க வேண்டிய விஷயம். அதைக் காட்டிப் பயமுறுத்தி ஆளை விலக்குவது வியாபாரம்.

இந்த வியாபாரம் எங்கள் ஊரோடு நிற்கவில்லை. தங்கள் வாகனத்தைத் தாங்கள் விரும்பிய இடத்தில் திருத்தும் உரிமைக்காக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012 இலும் 2020 இலும் வாக்களித்தார்கள். இரண்டாவது சட்டம், கார் கம்பியில்லாமல் அனுப்பும் தகவலையும் உரிமையாளருக்குத் திறந்துவிடச் சொன்னது. சுபாரு நிறுவனம் என்ன செய்தது? தகவலைத் திறப்பதற்குப் பதிலாக, அந்த மாநிலத்தில் விற்ற 2022 ஆம் ஆண்டுக் கார்களில் அந்தச் சேவையையே நிறுத்தியது. பொனட்டை யார் திறப்பது என்பது அரசியல் கேள்வி என்று இனியும் விளக்க வேண்டுமா?

இனி எங்கள் கடலுக்கு வருவோம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் பாலம் இல்லை. குறிகாட்டுவானில் படகேற வேண்டும். சின்னப் படகுகளில் பூட்டியிருக்கும் மண்ணெண்ணெய் எஞ்சின் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும். முழுதாக எரியாத எண்ணெய் கரியாகி பிளக்கின் வாயை அடைக்கும். பொறி விழாத ஒவ்வொரு தடவையும் எரிபொருள் வீணாகக் கடலுக்குப் போகும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. அந்த விலையில் கரி பிடித்த பிளக்கோடு ஓடுவது காசைத் தண்ணீரில் கொட்டுவதுதான். அதைவிடப் பெரிய பயம், நடுக்கடலில் எஞ்சின் நின்றால் காற்று இழுக்கும் பக்கம்தான் படகு போகும். எல்லைக்கோடு படகுக்குத் தெரியாது. அங்கே எந்தக் கொம்பனியைக் கூப்பிடுவது? பையில் ஒரு புதிய பிளக்கும் ஸ்பானரும், அதை மாற்றத் தெரிந்த கையும் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. 1990 களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் தங்கம். ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. மணலைத் தீட்டும் தாளும் கம்பித் தூரிகையும் கொண்டு பிளக்கின் கரியைச் சுரண்டி மறுபடி பூட்டியவர்கள் சாதாரண மனிதர்கள். அவர்களிடம் எந்தச் சான்றிதழும் இருக்கவில்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் கார்தான்.

அதே 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வீடு, கடை, லொறி, நகை எல்லாம் பின்னால் நின்றன. சோதனைச் சாவடியில் பறிக்க முடியாமல் கூடவே போனது கைத்தொழில் ஒன்றுதான். இதை அறிந்த சமூகங்கள் நாம். அப்படியிருந்தும் கைத்தொழிலை எப்படி நடத்துகிறோம்?

"படிக்காட்டி கராஜுக்குத்தான் போவாய்." இந்த வசனம் எங்கள் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இன்னும் கேட்கிறது. தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்ற வித்தியாசம் இதில் இல்லை. உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை 2013 இல் வந்தது. நல்ல காரியம். ஆனால் மற்றத் துறைகளுக்குப் போக முடியாதவர்களின் துறை என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் நாம்தான். தகப்பனின் படகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற பிள்ளை எரிதலின் இரசாயனத்தையும் மின்னின் அழுத்தத்தையும் கையால் படித்திருக்கிறான். பிளக் கபிலமாக இருந்தால் நலம், காய்ந்த கறுப்பென்றால் எரிபொருள் மிகை, எண்ணெய் ஈரமென்றால் தேய்மானம், வெளுத்திருந்தால் அதிக சூடு என்று சொல்கிறான். புத்தகத்தில் இதை எழுதினால் புள்ளி. கையில் காட்டினால் ஏளனம். என்ன நியாயம் இது?

தாவூத் நபி அலைஹிஸ்ஸலாம் ஆட்சி செய்தவர். அவருக்கு அல்லாஹ் இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்தான், கவசத்தின் கண்ணிகளை அளந்து செய்யச் சொன்னான் என்று குர்ஆன் சொல்கிறது. நபியவர்களின் கையிலேயே அளவுகோல் இருந்திருக்கிறது. நமக்கு மட்டும் என்ன கௌரவக் குறைச்சல்?

கேட்பது பெரிதல்ல. தீவகத்தின் ஒவ்வொரு பாடசாலையிலும் ஓடாத பழைய எஞ்சின் ஒன்று, பிளக் ஸ்பானர், இடைவெளி பார்க்கும் தகடு. பழைய மாணவர் சங்கங்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தில் வளைவும் வர்ணமும் போதும், இதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். கற்பிக்க ஊர் மெக்கானிக்கை அழையுங்கள், மரியாதையோடு கதிரை போட்டு அழையுங்கள். பெண்பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஓட்டத் தெரிந்தவளுக்குத் திருத்தவும் தெரியட்டும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. விலை நமக்கு எட்டாது. பழையதை வைத்துத்தான் ஓடப் போகிறோம். பழையதை ஓட வைக்கத் தெரிந்த பிள்ளையை மட்டம் தட்டுவதை முதலில் நிறுத்துவோம்.

சம்மதமானவர்கள் பகிருங்கள். சம்மதமில்லாதவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், பதில் சொல்வோம்.