ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் கவனத்துக்கு

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் தளர்த்தப்பட்ட பின்னர், நம்முடைய வாலிபர்களின் சம்பாஷணையில் ஸ்போர்ட்ஸ் கார் என்னும் விஷயம் அடிக்கடி தலைகாட்டுகிறது. புதியதை வாங்கச் சக்தியில்லாதவர்கள் பழைய எம்.ஜி. மிட்ஜெற்றையும் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற்றையும் ஜப்பானிய மஸ்டா எம்.எக்ஸ். 5 வண்டியையும் விசாரிக்கிறார்கள். அந்த ஆசையைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டிலேயே மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தைத் தொடங்கிய தேசம் இது. ஆனால், வாங்குவதற்குக் காட்டும் பிரயாசையில் காற்பங்கையேனும் பேணுவதற்குக் காட்டுவோர் அரிதென்பதும், பேணும் வித்தை தெரிந்தவர்கள் கொழும்பிலும் சீமையிலும்தான் உண்டென்று எண்ணி, நம் மன்னார்ப் பகுதியின் அடம்பனிலும் உயிலங்குளத்திலும் தகரக் கொட்டில் கராஜுகளில் முதுமையெய்தி நிற்கும் மெக்கானிக்குகளை நம் வாலிபர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லையென்பதும் எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகின்றன.

யந்திர சாஸ்திரத்தை வைத்துப் பார்த்தால் இந்த அலட்சியத்துக்கு யாதொரு ஆதாரமும் இல்லை. 1958இல் வெளிவந்த ஸ்பிறைற்றின் மூடியைத் திறந்து பார்ப்பவர் அங்கே காண்பது, நம்மூர் வாத்தியார்மாரும் விதானைமாரும் ஓட்டித் திரிந்த மொறிஸ் மைனர் 1000இல் இருந்த அதே 948 சி.சி. எஞ்சினைத்தான். ஒன்றுக்குப் பதிலாக இரண்டு எஸ்.யு. காபரேற்றர்களையும் சற்றே வலுவான வால்வுச் சுருள்களையும் பூட்டி அதற்கு வேகத்தில் நாட்டம் உண்டாக்கியிருந்தார்கள், அவ்வளவே. 1955இல் வந்த எம்.ஜி.ஏ.யின் 1489 சி.சி. எஞ்சினும் ஒஸ்ரின் கேம்பிரிஜ் என்னும் சாதுவான குடும்பக் காரோடு பிறப்புறவு உடையது. ஆகவே மைனரைக் கழற்றிப் பூட்டியே நரைத்தவருக்கு ஸ்பிறைற் அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை.

அந்த முதிய மெக்கானிக்குகளுடைய அனுபவமோ சாமானியமான அனுபவமன்று. 1990இல் போர் மறுபடி மூண்டு, வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றும் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது நன்றாகச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள். எரியாமல் மிஞ்சியது பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யுமாதலால், அளவுகோலில் ஒட்டிவந்த ஒயிலை விரலிடையில் தேய்த்தும் முகர்ந்தும் பார்த்து, அதை மாற்றவேண்டிய நாளை நிச்சயித்தார்கள். பிளக்கின் முனை கறுத்துப் புகை படிந்திருந்தால் எரிபொருள் அதிகமென்றும், வெளுத்திருந்தால் குறைவென்றும், எண்ணெய்ப் பசை பிடித்திருந்தால் வளையம் தேய்ந்துவிட்டதென்றும் அவர்கள் சொல்லும் லட்சணம் இன்றைக்கும் பொய்ப்பதில்லை. அமுக்க விகிதம் குறைந்தவையாதலால் அந்தக் கார்களின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயின் சித்திரவதையைப் பொறுத்துக்கொண்டன. வேகத்துக்காகச் செய்யப்பட்ட எஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றிப் பரீட்சிக்க ஒருவரும் துணியவேண்டாம்.

அவர்களுடைய காதுப் பழக்கத்துக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். இரட்டைக் காபரேற்றர் உள்ள காரில் இரண்டும் ஒரே அளவாகக் காற்றை இழுக்காவிட்டால் எஞ்சின் நின்றநிலையில் நடுங்கும். அதைச் சீர்செய்ய, எஞ்சினைச் சூடேற்றி, காற்று வடிகட்டிகளைக் கழற்றிவிட்டு, இரண்டையும் பிணைக்கும் தண்டின் பிடியைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு காபரேற்றரின் வாயிலும் மாறி மாறி வைத்துக் கேட்கவேண்டும். ஒன்றில் சீறலும் மற்றதில் முனகலுமாக இருப்பது, திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பத் திருப்ப, ஈற்றில் இரண்டிலும் ஒரே சுருதியாய் நிற்கும். பிறகு பிடியை இறுக்கிவிட்டு, எஸ்.யு. காபரேற்றரின் உச்சியிலுள்ள சிறு மூடியைக் கழற்றி, மெல்லிய ஒயில் கொஞ்சம் விடவேண்டும். அந்த ஒயில் வற்றிப்போனால் மிதித்த கணத்தில் கார் திணறும். அதற்காகக் காபரேற்றரையே மாற்றச் சொல்லிப் பணம் பறிப்பவர்களும் உலகத்தில் உண்டு.

மன்னார்க் கரையிலே காருக்கு முதற் சத்துரு உப்பு. சோளகம் வீசும் மாதங்களில் காரைக் கடற்பக்கம் நிறுத்தி வைப்பவர், மேற்பூச்சு மினுங்குவதைக் கண்டு திருப்தியடைந்துவிடலாகாது. துரு பிடிப்பது கதவின் அடிவிளிம்பிலும் சில்லு வளைவின் உட்புறத்திலும் தரைத்தகட்டின் மூட்டுகளிலுமே. மழைநீர் வடிவதற்கென விடப்பட்ட சிறு துவாரங்கள் மண்ணால் அடைபட்டால் தகடு உள்ளிருந்தே அரித்துப்போகும். நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவி, உலரவிட்டு, துவாரங்களைக் கம்பியால் துழாவிவிடுவதற்குச் செலவு ஏதுமில்லை. இரண்டாவது சத்துரு நம்முடைய கிணற்று நீர். சுண்ணாம்புக் கற்பாறை நிலத்து நீரை ரேடியேற்றரில் ஊற்றினால், கேத்திலின் அடியில் படியும் அதே வெண்படிவு நுண்ணிய குழாய்களுக்குள்ளும் படிந்து, கோடையில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கும். அடுத்து ஹெட் காஸ்கெற் போகும். காய்ச்சி வடித்த நீரையாவது, சுத்தமாகப் பிடித்து வைத்த மழைநீரையாவது, கூலன்ற் கலந்து ஊற்றுவதே உசிதம். பிறேக் திரவமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதாதலால் இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றப்படவேண்டும். விரைந்தோடும் காரிலே இதைப் பின்போடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூ.ஆர். அட்டைக்குக் காரொன்றுக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் மட்டுமே கிடைத்த நாட்களில், பல கார்கள் மாதக்கணக்கில் அசையாமல் நின்றன. ஓடாத காரை நோய் அணுகாதென்பது தப்பபிப்பிராயம். தேங்கிய பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரின் நுண்துவாரங்களை அடைக்கும், பற்றறி இறங்கும், ரயர் ஒரே இடத்தில் தட்டையாகும். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் உண்டு. முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பன. பள்ளங்கள் ஆழமாகவே இருந்தாலும், பத்தாண்டு கடந்த ரயரில் வேகமாக ஓடுவது தகாது. ரைமிங் பெல்ற் உள்ள கார்களில் அதை ஓடிய தூரத்தை மட்டுமன்றி வயதையும் பார்த்தே மாற்றவேண்டும்.

இவ்வளவும் செய்யாமல், சத்தம் பெருக்கும் சைலன்சருக்கும் அகன்ற சில்லுகளுக்கும் முதலில் பணத்தை இறைப்பதை நான் மூடத்தனமென்றே சொல்வேன். வயலுக்கு நீர் பாயும் வாய்க்கால் ஓரத்தெருக்களில், தாழ்ந்த காரின் ஒயில் தட்டுக் கல்லில் இடிபடாமல் பார்ப்பதே பெரும்பாடு. அங்கே அகன்ற சில்லு என்னத்துக்கு?

நவீன கார்களின் மின்னணுப் பெட்டியை வாசிக்கக் கருவி வேண்டும் என்பதையும், அதில் பழைய கைகள் பின்தங்கியிருப்பதையும் நான் மறுக்கவில்லை. அதை இளைஞர்கள் கற்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 முதல் இயங்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் அதற்கென்றே இருக்கிறது. காபரேற்றரைக் காதால் சமன்செய்வதையும் பிளக்கின் நிறத்தைப் பார்த்து நோயைச் சொல்வதையும் அறிந்தவர்களோ வயோதிபர்கள். அவர்களில் அநேகருக்குச் சீடர்கள் இல்லை. அந்நிறுவகத்தாரும் மாகாணத் தொழிற்பயிற்சி அதிகாரிகளும் தவணைக்கு ஒரு வாரமேனும் அவர்களை வேதனம் கொடுத்து அழைத்து, ஒரு பழைய ஏ40 எஞ்சினை மாணவர் முன்னிலையில் கழற்றிப் பூட்டச் செய்து, அவர்கள் சொல்வதையும் செய்வதையும் எழுத்திலும் படத்திலும் பதிவுசெய்து வைக்கவேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கும் வாலிபரும், முற்பணம் கட்டுவதற்கு முன்பாக, தம் ஊர்க் கராஜிலுள்ள பெரியவரை அழைத்துச் சென்று வண்டியின் அடிப்பாகத்தைக் காட்டட்டும். அவர் வேண்டாமென்று தலையசைத்தால், விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடட்டும்.