உள்விசாரணையிலேயே தொடங்க வேண்டிய போராட்டம்

போர்ட்பிளேர் நகரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் குடியிருந்து, கடையிலோ விடுதியிலோ சரக்கு முகவர் அலுவலகத்திலோ வேலை பார்க்கும் தமிழ்த் தொழிலாளி ஒருவர்மீது கையாடல் குற்றச்சாட்டு வருவதாகக் கொள்வோம். தற்காலிகப் பணிநீக்க ஆணை வரும். நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில் இருந்தால், விசாரணைக்கு அங்கே நேரில் வர வேண்டும் என்ற அறிவிப்பும் உடன் வரும். இடையில் கிடப்பது ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல். கப்பலில் மூன்று நாள் பயணம். ஊதியம் நின்றுவிட்டது. அவர் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரணை முடிந்து பணிநீக்க ஆணை கைக்கு வந்து சேரும்.

கோலார் தங்கவயலில், பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி கேப்டன் எம்.பால் ஆண்டனிக்குக் கடல் இல்லாமலே இது நேர்ந்தது. 1985 ஜூன் 2 அன்று காவல்துறை அவரது வீட்டைச் சோதனையிட்டு, 4.5 கிராம் தங்க உருண்டையும் 1,276 கிராம் தங்கம் கலந்த மணலும் கைப்பற்றியதாகக் கூறியது. மறுநாளே தற்காலிகப் பணிநீக்கம். பிழைப்பூதியம் வழங்கப்படவில்லை. கேரளத்தில் இருந்த அவரால், கையில் பணமின்றி, தங்கவயலுக்கு வந்து விசாரணையில் கலந்துகொள்ள இயலவில்லை. அவர் இல்லாமலே விசாரணை நடந்து, 1986 ஜூனில் பணிநீக்கம் செய்யப்பட்டார். 1987 பிப்ரவரியில் குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது; சோதனையில் பொருள் கைப்பற்றப்பட்டது என்ற கதையே மெய்ப்பிக்கப்படவில்லை. அப்போதும் நிர்வாகம் அசையவில்லை. 1999 மார்ச் 30 அன்றுதான் உச்சநீதிமன்றம், அதே சாட்சியங்களின் மீது நின்ற பணிநீக்கம் செல்லாது என்றும், பிழைப்பூதியத்தை மறுத்தது தற்காப்பு வாய்ப்பையே மறுத்ததாகும் என்றும் கூறி, நிலுவை ஊதியத்துடன் அவரை மீண்டும் பணியில் அமர்த்த உத்தரவிட்டது. இடையில் கழிந்தவை ஏறத்தாழ 14 ஆண்டுகள். 2001இல் அந்தச் சுரங்கமே மூடப்பட்டுவிட்டது.

இத்தீர்ப்பைக் கண்டு, நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று சங்கங்கள் இருந்துவிட முடியாது. மறுபக்கம் கடுமையானது. ஹரியானா சாலைப் போக்குவரத்தின் நடத்துநர் ரத்தன் சிங், கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு பயணச்சீட்டுக் கொடுக்கவில்லை என்று நீக்கப்பட்டார். பயணிகளை விசாரணைக்கு அழைத்துச் சாட்சியம் பெறவில்லையே என்பது அவரது வாதம். உள்விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கறார் விதிகள் பொருந்தா, ஓரளவு சாட்சியம் இருந்தாலே போதும் என்று 1977இல் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. தீர்ப்பை எழுதியவர் வேறு யாருமல்லர். 1957ஆம் ஆண்டின் இ.எம்.எஸ். அமைச்சரவையில் இடம்பெற்றிருந்த வி.ஆர்.கிருஷ்ண ஐயர். தொழிலாளர் பக்கம் சாய்ந்த நீதிபதி என்று பெயர் பெற்றவரே இக்குற்றச்சாட்டில் சலுகை காட்டவில்லை.

1971 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் தகராறு சட்டத்தின் 11ஏ பிரிவு, சாட்சியத்தை மறுபடி எடைபோடவும் தண்டனையைக் குறைக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தந்தது. ஃபயர்ஸ்டோன் டயர் வழக்கில் 1973இல் உச்சநீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆனால் கையாடல் மெய்ப்பிக்கப்பட்டதாக ஏற்கப்பட்டுவிட்டால், தொகை சிறியது என்ற வாதம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. இழந்தது பணமன்று, நம்பிக்கை என்பதே நீதிமன்றங்களின் பதில். ஆகவே வழக்கின் தலைவிதி உள்விசாரணை அறையிலேயே பெரும்பாலும் முடிவாகிறது. சங்கமோ, பணிநீக்க ஆணை வந்த பிறகுதான் கோப்பைத் திறக்கிறது.

இந்தத் தாமதத்துக்கு ஒரு கூச்சமும் காரணம். கூலிக்காகக் கொடி பிடிக்கும் தோழர், "திருடனுக்குச் சங்கமா?" என்ற கேள்விக்கு முன் பின்வாங்குகிறார். தொழிலாளர் பணத்தையோ மக்கள் பணத்தையோ திருடுவதைச் செங்கொடி ஆதரிக்காது. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் திருடினாரா என்பதே இன்னும் விசாரிக்கப்படாத நிலையில், நிர்வாகம் சூட்டிய பெயரைச் சங்கமும் சூட்டுவது எந்த வகை நியாயம்? ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் பயன்படுத்தும் கணினி, மேலாளரின் வாய்மொழி உத்தரவில் கொடுக்கப்பட்ட தள்ளுபடி, யாரும் எண்ணிப் பார்க்காத இருப்பு ஆகிய இவற்றிலிருந்து எழும் பற்றாக்குறை கடைசியில் கல்லாவில் நின்றவர் தலையில் விழுகிறது. "காவல்துறைக்குப் போகவில்லை, எழுதிக் கொடுத்துவிடு" என்று மூடிய அறையில் வாங்கப்படும் ஒப்புதல் கடிதம், பின்னர் எல்லா மன்றங்களிலும் அவருக்கு எதிராகப் பேசும்.

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்திய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, இருந்த பிடிமானத்தையும் தளர்த்தியுள்ளது. நிலையாணைகள் பற்றிய அத்தியாயம் இனி 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தும். முன்பு இது 100. தற்காலிகப் பணிநீக்கக் காலத்தில் முதல் 90 நாளுக்குப் பாதி ஊதியம், அதன்பின் 75 விழுக்காடு என்ற பிழைப்பூதிய உரிமையும், விசாரணையைச் சாதாரணமாக 90 நாளில் முடிக்க வேண்டும் என்ற விதியும் அதே அத்தியாயத்துக்குள் இருக்கின்றன. அந்தமானில் 300 பேர் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளி நேரடியாகத் தீர்ப்பாயம் செல்வதற்கான காலவரம்பும் மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகச் சுருங்கிவிட்டது. போதாக்குறைக்கு, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகப் பணிக்கொடையைப் பறிக்கக் குற்றவியல் தண்டனை தேவையில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் இருந்த மகாராஷ்டிர அரசுப் பேருந்து நடத்துநர்களுக்குப் பறிப்பு 25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது என்பது மட்டுமே ஆறுதல்.

சட்டம் கைவிட்ட இடத்தில் சங்கம் இருந்தாக வேண்டும். ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடாதே என்று முதல் நாளே சொல்ல வேண்டும். கணக்கேடுகளின் நகலையும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பையும் எழுத்தில் கேட்க வேண்டும். விசாரணையைப் போர்ட்பிளேரிலேயே நடத்து, இல்லையேல் பயணப்படியும் பிழைப்பூதியமும் முன்கூட்டியே கொடு என்ற கோரிக்கைக் கடிதம், குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்த வாரத்திலேயே சங்க முத்திரையுடன் நிர்வாகத்துக்குப் போக வேண்டும்.