உறையுளும் ஊதியமும்

நந் தமிழ்நாட்டிற் கைத்தொழில் நாடோறும் பெருகிவருதல் யாவரும் அறிந்ததே. அவற்றுள்ளும் மின்னணுப் பொருள்களை ஆக்கும் ஆலைகள் சென்னையைச் சூழ்ந்த ஊர்களிற் பல்கியுள்ளன. அவற்றிற் பணிபுரிவோருட் பெரும்பாலார் சிற்றூர்களினின்றும் போந்த இளம்பெண்கள், நம்மோடொத்த பருவத்தினர். தம் கைப்பட ஈட்டிய பொருளைப் பெற்றோர்க்கு அனுப்பும் பெருமை அவர்க்கு உண்டு. அதனை எளிதாக எண்ணுதல் தகாது.

ஆயினும், ஊதியம் என்பது திங்கள்தோறும் பெறும் பணம் மட்டுமோ? வீடு துறந்து நெடுந்தொலைவு வந்த பெண்ணொருத்திக்கு உண்ணும் சோறும் உறங்கும் இடமும் ஊதியத்தின் கூறுகளே என்பது எமது கொள்கை.

2021 டிசம்பரில் நிகழ்ந்ததனை நோக்குமின். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பொருத்தும் பாக்ஸ்கான் ஆலையில் அன்று ஏறக்குறைய 17,000 பேர் பணியாற்றினர். திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லியை அடுத்த விடுதியொன்றில் தங்கிய அவ்வாலைப் பெண்களுள் 150-க்கு மேற்பட்டோர் உணவு நஞ்சானமையால் மருத்துவமனை சேர்ந்தனர். தோழியர் நிலை அறியாது கலங்கிய ஏனையோர் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகட்கு ஒவ்வாதன என ஆப்பிள் நிறுவனமே உரைத்து, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

"இத்தகைய கிளர்ச்சியால் முதலாளிகள் வேற்றுநாடு செல்வர், உள்ள பிழைப்பும் போம்" என்பாரும் உளர். நிகழ்ந்தது அதுவன்று. 2022 ஜனவரி 12-ஆம் நாள் ஆலை மீண்டும் திறந்தது. பின்னர் விரிவும் அடைந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குதற்குரிய விடுதியை அரசின் சிப்காட் நிறுவனம் திறந்தது. நற்செயலே, ஆனால், ஆலைகள் எழுந்த காலத்தே இஃது எழுந்திருப்பின், அப்பெண்கள் தெருவில் அமர நேர்ந்திராதன்றோ?

இப்பொழுது கும்மிடிப்பூண்டிப் பகுதியில் மாநெல்லூரிலும் மின்னணு உற்பத்திக்கெனத் தொழிற்பூங்கா வகுக்கப்பட்டுள்ளது. ஆங்கு ஆலைக்கு அடிக்கல் நாட்டும்போதே விடுதிக்கும் நாட்டுதல் வேண்டும். ஒப்பந்தக்காரர் மேற் பழியை ஏற்றி ஆலையுடையார் விலகுதற்கு இடங்கொடுத்தலாகாது. அரசினர் முன்னறிவிப்பின்றி அடுக்களையையும் நீர்த்தொட்டியையும் சோதித்தல் வேண்டும்.

கூலியைப் பிடித்துவைக்கும் செல்வரைக் கடிந்துரைக்கும் யாக்கோபின் நிருபத்தைக் கேட்டு வளர்ந்தவர் நம்மிற் பலர். தூய உணவை மறுத்தலும் கூலியைப் பிடித்துவைத்தலே. நம் சட்டைப்பையிற் கிடக்கும் கைப்பேசியைப் பொருத்தியவள் இன்றிரவு எங்கே உறங்குகின்றாள் என வினவுதல், கற்றார் கடமையாகும்.