கத்தோலிக்கராவதற்கு முன்

போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலேயுள்ள ஏலமலைச் சரிவுகளிலும் கூலி செய்து பிழைக்கும் ஆதிதிராவிடத் தோழர்கள் சிலர், கத்தோலிக்க மதத்தில் சேர்ந்துவிடலாமா என்று யோசித்து வருகிறார்கள். அதைப் பற்றி நமது அபிப்பிராயம் என்ன என்றும் கேட்கிறார்கள். "சேராதே, இந்துவாகவே கிட" என்று நாம் சொல்லுவோம் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்கள் ஏமாந்து போவார்கள். "இந்து மதத்தை விட்டால் சரி, எங்கே போய் விழுந்தாலும் சரி" என்று சொல்லுவோம் என்று எதிர்பார்ப்பவர்களுக்கும் அதே ஏமாற்றந்தான்.

முதலில் ஒன்றை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். ஒரு மனிதன் தனக்கு இழிவு கற்பிக்கும் மதத்தை விட்டு வெளியேறுவதைத் தடுக்க எவனுக்கும் உரிமை கிடையாது. 1981-இல் திருநெல்வேலி ஜில்லா மீனாட்சிபுரத்தில் ஆதிதிராவிடர்கள் கூட்டமாக இஸ்லாத்தில் சேர்ந்தபோது டில்லி வரையில் கூச்சல் கிளம்பிற்று. அந்தக் கூச்சல் போட்டவர்களில் எத்தனை பேர், அதற்கு முன்பு அந்த ஊர்த் தெருவில் அவர்கள் பட்ட பாட்டுக்காக ஒரு முணுமுணுப்பாவது செய்தார்கள்? 2002-இல் தமிழ்நாட்டு சர்க்கார் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, தேர்தலில் அடி விழுந்ததும் 2004-இல் தானே வாபஸ் வாங்கிக்கொண்டது. ஜாதியைத் தடுக்க ஒரு விரலை அசைக்காதவர்கள் ஜாதிக்குப் பயந்து ஓடுகிறவனைப் பிடித்து நிறுத்தச் சட்டம் செய்கிறார்கள் என்றால், இதைவிட வெட்கக்கேடு வேறென்ன இருக்கிறது?

நிற்க, அந்தத் தோழர்களுக்கு இந்த எண்ணம் ஏன் வந்தது என்பதை நாம் அறியாமலில்லை. விடியுமுன்பே ஜீப்பில் ஆட்டுமந்தை போல் அடைத்து அவர்களைப் போடிமெட்டுக்கு ஏற்றுகிறார்கள். ஏலத்தோட்டத்தில் நாள் முழுதும் குனிந்தபடி, மழையிலும் அட்டைக்கடியிலும் மருந்து வாடையிலும் காய் எடுக்கிறார்கள். அவர்கள் எடுத்த காய் ஸ்டோரில் உலர்ந்து, சல்லடையில் ரகம் பிரிந்து, போடி ஏலத்தில் விலை போகிறது. எடுத்தவர்களோ இருட்டிய பிறகு சேரிக்குத் திரும்புகிறார்கள். ஊரில் 1989-இல் நடந்த ஜாதிக் கலவரத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்படிப்பட்டவனை, ஞாயிற்றுக்கிழமை ஒரு கன்னியாஸ்திரீ பேர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளை படிக்கிறதா என்று விசாரித்தால் மனம் அந்தப் பக்கம் சாயாதா? சாயத்தான் செய்யும். அதில் குற்றமில்லை. கோவில் வாசலில் எட்டி நில் என்பவனைவிட, உள்ளே வா என்பவன் எவ்வளவோ மேல்தான். கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களும் வைத்தியசாலைகளும் செய்திருக்கிற நன்மையை நாம் மறுக்கவில்லை. பழங்குடி மக்களுக்காக வாதாடி, கைதியாகவே 2021 ஜூலையில் உயிர்விட்ட ஸ்டான் சுவாமி திருச்சி ஜில்லாவில் பிறந்த ஒரு சேசு சபைச் சாமியார்தான். அவரைப் போல் நமது மடாதிபதிகளில் ஒருவரைக் காட்டும்படி கேட்டால் யாராலும் காட்ட முடியாது.

ஆனால் கேள்வி அதுவல்ல. "உள்ளே வா" என்று கூப்பிடுகிறார்களே, உள்ளே எந்த இடத்தில் உட்கார வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நமது மலையிலேயே பார்க்கலாம். அங்கே இரண்டு தினுசுக் கத்தோலிக்கம் இருக்கிறது. ஒன்று சிரியன் ரீதி, மலையாளத்தில் பூசை, 2003-இல் ஏற்பட்ட இடுக்கி மேற்றிராசனத்தைச் சேர்ந்தது. மற்றொன்று லத்தீன் ரீதி. 1930-இல் ஏற்பட்ட விஜயபுரம் மேற்றிராசனம். தோட்டத்துத் தமிழ்க் கூலிகள் அநேகமாக இதற்குத்தான் போகிறார்கள். தோட்ட முதலாளிகளில் போடி, கம்பம் தமிழரும் உண்டு. கோட்டயம், பாலா பக்கத்திலிருந்து மலையேறி வந்த சிரியன் கிறிஸ்தவர்களும் உண்டு. முதலாளிக்கும் கூலிக்கும் போப்பு ஒருவரே, பைபிளும் ஒன்றே, மோக்ஷமும் ஒன்றே; ஆனால் கோவில் மட்டும் வேறு! பாஷை வேறு, பழக்கம் வேறு என்று சமாதானம் சொல்லுவார்கள். இருக்கட்டும். ஆனால் தங்கள் முன்னோர் கி.பி. 52-இல் தோமையாரிடம் ஞானஸ்நானம் பெற்ற நம்பூதிரிகள் என்று சிரியன் கிறிஸ்தவர்கள் பரம்பரையாகப் பெருமை பேசிக்கொள்ளுகிறார்களே, அதற்கு என்ன சமாதானம்? அந்தக் காலத்தில் மலையாளத்தில் நம்பூதிரியே கிடையாது என்று சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். அது எப்படியோ போகட்டும். ஏசுவிடம் போய்ச் சேர்ந்த பிறகும் பார்ப்பான் பரம்பரை என்று சொல்லிக்கொள்ளுவதில் ஒரு மனிதனுக்கு ஏன் ஆசை வரவேண்டும்?

இது இன்று நேற்று வந்த வியாதியல்ல. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலிய பாதிரி காவி கட்டி, பூணூல் போட்டு, மேல்ஜாதியாரை மட்டும் அண்டவிட்டு மதப்பிரசாரம் செய்தார். 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி, மதம் மாறிய பார்ப்பனர் பூணூலையும் குடுமியையும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். கீழ்ஜாதியாருக்குப் பண்டாரச் சாமிகள் என்று வேறு வகைப் பாதிரிகள் ஏற்பட்டார்கள். 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் என்ற போப் இந்த ஆசாரங்களையெல்லாம் கண்டித்துத் தீர்ப்புக் கூறியபோதுகூட, பறையருக்கென்று தனியாகப் பாதிரிகளை வைத்துக்கொள்ளும் யோசனையை ஒப்புக்கொண்டார். அதாவது தீண்டாமையைக் கண்டிக்க வந்த உத்தரவிலேயே தீண்டாமைக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்தவைகளைச் சொல்லப்போனால் பத்திரிகை போதாது. திருநெல்வேலி வடக்கன்குளத்தில் கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகக் கோவில் கட்டி, ஒரு காலில் வெள்ளாளரையும் மறு காலில் நாடார்களையும் நிறுத்தினார்கள். 1910-இல் அந்தத் தடுப்பை இடித்ததும் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் ஜாதி உரிமை கேட்டு ஐகோர்ட்டு வரையில் போய்த் தோற்றார்கள். சுவர் போயிற்று, ஜாதி போயிற்றா? எறையூரில் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று ஆதிதிராவிடக் கத்தோலிக்கர்கள் கேட்டதில் கலகம் மூண்டு, 2008 மார்ச்சில் போலீசார் சுட்டு இரண்டு பேர் மாண்டார்கள். மாண்டவர்களும் கிறிஸ்தவர்கள், கலகத்தின் இரு பக்கமும் கிறிஸ்தவர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே சுவர் எழுப்பியிருந்ததை எதிர்த்து 2010-இல் கிளர்ச்சி நடந்தது. கும்பகோணம் மேற்றிராசனத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையத்து ஆதிதிராவிடக் கத்தோலிக்கர்களின் வழக்கு 2025-இல் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிருக்கிறது. இதெல்லாம் நாஸ்திகர்களின் கட்டுக்கதை என்று சொல்லிவிட முடியாது. 2003-இல் தமிழ்நாட்டுப் பிஷப்புகளை வைத்துக்கொண்டு போப் இரண்டாம் ஜான் பாலே ஜாதிப் பிரிவினையைக் கண்டித்தார். 2016-இல் இந்தியக் கத்தோலிக்கப் பிஷப்புகளின் பேரவையே தங்கள் சபைக்குள் தீண்டாமை இருக்கிறதென்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட யோக்கியதைக்காக நாம் அவர்களைப் பாராட்டுகிறோம். எந்தச் சங்கராச்சாரி இவ்வளவாவது எழுதிக் கொடுத்தார்?

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். திருவாங்கூர் சேவகத்திலிருந்த நீலகண்ட பிள்ளை 1745-இல் கத்தோலிக்கராகி, ஜாதி பார்க்காமல் எல்லோருடனும் பழகினார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரை 2022 மே மாதம் ரோமாபுரியில் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தியபோது, பெயரிலிருந்த "பிள்ளை"யை எடுத்துவிட்டு தேவசகாயம் என்று மட்டும் அறிவித்தார்கள். நல்ல காரியந்தான். ஜாதி வாலை அறுக்க, செத்து 270 வருஷம் காத்திருந்து, அர்ச்சியசிஷ்டராகவும் ஆகவேண்டியிருக்கிறது!

இனி சர்க்கார் பக்கத்தைப் பார்ப்போம். வயிற்றைத் தொடுகிற சங்கதி இதுதான். 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவுப்படி இந்துவாக இருந்தால்தான் ஷெட்யூல்டு ஜாதி. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். டாக்டர் அம்பேத்கர் பௌத்தரானது 1956-இல். அவரோடு போனவர்களுக்குச் சட்டம் வழிவிட 34 வருஷம் பிடித்தது. கிறிஸ்தவருக்கு இன்னும் வழியில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடன், 18 சதவிகித ஒதுக்கீட்டை விட்டு, பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 சதவிகிதத்தில், தன்னை இதுவரை அடக்கி வந்த பல ஜாதியாருடன் போய்ப் போட்டி போடவேண்டும். பஞ்சாயத்துத் தனித் தொகுதியில் நிற்க முடியாது. போடி கலவரம் நடந்த அதே 1989-இல் ஏற்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் ஷெட்யூல்டு ஜாதியாருக்குத்தான்.

சென்னை எழும்பூரில் தெருவோரம் செருப்புத் தைத்த ஒரு தொழிலாளியின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். ஷெட்யூல்டு ஜாதித் தொழிலாளிகளுக்குச் சர்க்கார் இலவசமாகக் கொடுத்த பெட்டிக் கடை, அவர் கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. ஜாதி போகவில்லையே, அதே செருப்பைத்தானே தைக்கிறேன் என்று அவர் வாதாடினார். கிறிஸ்தவ மதத்திலும் அதே கொடுமை அதே அளவில் இருப்பதாக ருஜுவில்லை என்று 1985-இல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் இந்த மதத் தடையை நீக்கச் சொல்லிற்று. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையும் தீர்மானம் போட்டது. ஆக, ஞானஸ்நானத் தண்ணீரில் உன் ஜாதி கரைந்துவிட்டது என்று சர்க்கார் சொல்லுகிறது. கரையவில்லை என்று கல்லறைச் சுவர் சொல்லுகிறது. இரண்டு பேரும் சேர்ந்து அடிக்கிற அடி ஒரே முதுகில்தான் விழுகிறது. அநியாயம் சர்க்காருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் அநியாயம் நீங்குமுன்பு கையெழுத்துப் போடுகிறவன் அதைத் தெரிந்து போடவேண்டாமா?

கொள்கையைப் பற்றி நாம் அதிகம் சொல்லவில்லை. மந்திரம் சொன்னால் கல்லுக்குள் சாமி வரும் என்பதை நம்பமாட்டேன் என்று வெளியே வந்தவன், அங்கே போய்க் குருவின் வாய்ச்சொல்லால் அப்பம் மாம்சமாகிறது என்று நம்பவேண்டும். பழனியில் செலுத்திய வெள்ளிக் கண்ணை வேளாங்கண்ணியில் செலுத்தவேண்டும். விசுவாச விஷயத்தில் போப்பு தவறமாட்டார் என்று 1870-இல் செய்த சட்டத்தையும் ஏற்கவேண்டும். பூமி சுற்றுகிறதென்று சொன்ன கலிலியோவை 1633-இல் தண்டித்து, அது தவறு என்று 1992-இல் ஒப்புக்கொண்ட சபை அது. கொஞ்சம் தாமதந்தான்!

பெண்களுக்குத்தான் நாம் முக்கியமாகச் சொல்லவேண்டும், ஏனெனில் மலையில் காய் எடுப்பது பெரும்பாலும் அவர்களே. இந்தச் சபையில் பெண் குருவாக முடியாது. சர்க்கார் கோர்ட்டு கொடுக்கும் விவாகரத்தைச் சபை ஒப்புக்கொள்ளாது. 1968-இல் ஆறாம் பவுல் போப்பு வெளியிட்ட சாசனப்படி, செயற்கைக் கர்ப்பத்தடை முறைகள் பாவம். ஐந்தாவது பிள்ளையைச் சுமந்துகொண்டு ஏலச்சரிவில் ஏறுகிறவள் யார்? கல்யாணமே செய்துகொள்ளாத பிஷப்பா? கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொள்ளுவதற்காக மாறுகிறேன் என்று சொல்லும் பெண்களுக்கு ஒரு தகவல்: 1954-ஆம் வருஷத்து ஸ்பெஷல் மேரேஜ் சட்டப்படி, அவரவர் இருக்கிறபடியே இருந்துகொண்டு பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். ஞானஸ்நானமும் வேண்டாம், புரோகிதமும் வேண்டாம்.

ஆகவே யோசிக்கிற தோழர்கள், ஞானஸ்நானத்துக்குப் பேர் கொடுக்குமுன் பங்குச் சாமியாரிடம் நேரில் போய்க் கேட்கட்டும். எங்கள் தெருவுக்குத் தேர் வருமா? என் மகன் பூசையில் உதவிக்கு நிற்கலாமா? பங்குப் பேரவையில் எங்களவர் எத்தனை பேர்? பழைய கிறிஸ்தவர்கள் எங்கள் வீட்டில் பெண் எடுத்தது உண்டா? என் தாயாரை எந்த வரிசையில் புதைப்பீர்கள்? பிறகு போடி தாலுகா ஆபீசுக்குப் போய், மாறினால் பிள்ளைகளின் சர்டிபிகேட் என்னவாகும் என்று விசாரித்துக்கொள்ளட்டும். மழுப்பாமல் பதில் சொல்லுகிற சாமியார் யாராவது இருந்தால், அவரை நமது கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். மேடையில் நமக்கு ஒதுக்கியிருக்கும் நேரத்தில் பாதியை அவருக்குக் கொடுக்கிறோம்.